தொண்ணூறுகளின் சென்னையும் அதன் சின்ன அறைகளும்

பத்தாண்டு ஒன்றைத் திரும்பிப் பார்ப்பவர்கள் அதன் சிறந்த இசையைத் தனியாகவும் சிறந்த விளையாட்டு வீரர்களைத் தனியாகவும் எழுதுவது வழக்கம். 1991 முதல் 2000 வரையிலான ஆண்டுகளைச் சென்னையில் கழித்த எனக்கு அப்படிப் பிரிக்க மனம் வரவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்புறம் இருந்த ஒலிப்பதிவுக் கூடம், சோவியத் கலாசார மையத்துக்குள் இயங்கிய சதுரங்கக் கழகம், தெருமுனைக் கேரம் மன்றம் ஆகிய எல்லாம் ஒரே ஊரின் இடங்கள். அளவில் சிறியவை, வசதி குறைந்தவை; ஆனால் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவரும் எதிரே உட்கார்ந்து ஆடுபவரும் விஷயம் தெரிந்தவர்களாக இருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் உலகத்தின் முன் தலைநிமிர்ந்து நின்ற நம்மவர்களில் பலர் இத்தகைய அறைகளில்தான் கூர்மை பெற்றார்கள் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். கீழே நான் எழுதுபவர்களையும் அந்த எண்ணமே தேர்ந்து தந்தது.

இசையிலிருந்து தொடங்குகிறேன். அந்நாளில் எங்கள் பகுதியில் ஒலிநாடாக் கடைகள் பாட்டுப் பதிவு செய்தும் தந்தன. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட நாடாவிலோ தொண்ணூறு நிமிட நாடாவிலோ இரண்டு பக்கமும் நிரப்பித் தருவார்கள். 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வெளிவந்த பிறகு அந்தக் கடைகளின் வாசலில் நின்றவர்களுக்கு ஒன்று உடனே புரிந்தது. இது மெட்டின் புதுமை மட்டும் அன்று, ஒலியே வேறாகிவிட்டது. தாழ்ந்த சுருதியின் அதிர்வு கனமாகக் கேட்டது. ஒரு வாத்தியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடம் இருந்தது. பாடுபவரின் மூச்சு காதருகில் வந்தது. மின்மினியின் குரலில் ஒலித்த பாடலைக் கேட்ட பலர் அந்தக் குரலை அப்போதுதான் முதன்முறையாகக் கவனித்தார்கள். அறிமுகப் படத்துக்கே ஏ. ஆர். ரகுமானுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்த மாற்றம் ஓர் அறையில் நிகழ்ந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1989இல் தம் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறத்தில் ரகுமான் பஞ்சதன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். முதலில் அங்கே உருவானவை விளம்பர இசைத் துணுக்குகள்தாம். முப்பது வினாடிக்குள் ஒரு மனநிலையை உண்டாக்க வேண்டிய அந்த வேலை, ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாகத் துலக்கிப் பார்க்கும் பழக்கத்தை அவருக்குத் தந்திருக்க வேண்டும். வாத்தியக் குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து ஒரே மூச்சில் வாசிக்கும் பழைய முறைக்கு மாறாக, பாடகர் ஒருநாள் வருவார், குழல் வாசிப்பவர் இன்னொருநாள் வருவார். அவர்கள் மனம்போல் வாசித்தவற்றில் வேண்டியதை எடுத்து அடுக்கிப் பாடலைக் கட்டுவது பின்னிரவு வேலை. நாள் வாடகைக்கு எடுத்த பெரிய ஸ்டூடியோவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய இயலாது. சொந்த அறை என்பது அவருக்கு நேரத்தைக் கொடுத்தது.

ரகுமான் வந்ததால் இளையராஜாவின் காலம் முடிந்தது என்று அன்று பேசப்பட்டது. இன்றும் சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1991இல் மட்டும் ‘தளபதி’யும் ‘குணா’வும் வந்தன. அடுத்த ஆண்டு வந்த ‘தேவர் மகன்’ எஸ். ஜானகிக்குத் தேசிய விருதைத் தந்தது. 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு தம் சிம்பொனியை அவர் பதிவு செய்தார். 1994 பொங்கலையொட்டி ‘மகாநதி’ வெளிவந்தது. பத்தாண்டின் இறுதியில், 1999 டிசம்பரில், ‘சேது’ வந்தது. இத்தனைக்கும் அந்தப் பத்தாண்டில் அவருக்கு ஒரு தேசிய விருதுகூடக் கிடைக்கவில்லை. தாளில் எல்லா வாத்தியங்களுக்கும் உரிய சுரக்குறிப்புகளைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்து, வயலின்காரர்கள் வரிசையாக அமர்ந்து வாசிக்க, காலையில் தொடங்கிய பாடலை அன்றைக்கே முடிக்கும் வல்லமை அவருடையது. இரண்டு முறைகளும் ஒரே ஊரில் சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே நேரத்தில் நடந்தன என்பது கேட்பவர்களான எங்கள் பேறு.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த இருவருமே தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டவர்கள். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கி, மேற்கத்திய இசையைத் திரையுலக வாத்தியக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஆசிரியரின் பெயர் பொதுமக்கள் பலருக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தமிழ் இசையை எழுதுகிறவர்கள் அந்த அறையிலிருந்து தொடங்குவதே நியாயம்.

தனியொரு ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் 1994 என்பேன். ‘மகாநதி’யில் தொடங்கி ‘டூயட்’, ‘காதலன்’, ‘கருத்தம்மா’, ‘பவித்ரா’ என்று அந்த ஆண்டு நீண்டது. ‘மகாநதி’யின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்ற எச். ஸ்ரீதரே ரகுமானின் பாடல்களுக்கும் ஒலிப்பொறியாளராக இருந்தவர் என்பதை நினைத்தால், இரு முகாம்களாக நாம் பிரித்து வைத்திருந்தது உள்ளே இருந்தவர்களுக்கு அத்தனை பிரிவாக இல்லை என்பது விளங்கும். அந்தப் படத்தில் பாடி நடித்த சிறுமி ஷோபனாவுக்குப் படத்தின் பெயரே பெயரோடு ஒட்டிக்கொண்டது. மகாநதி ஷோபனாவின் பக்திப் பாடல்கள் இன்றும் விடியற்காலையில் பல வீடுகளில் ஒலிக்கின்றன. ‘காதலன்’, ‘பவித்ரா’ ஆகிய இரு படங்களில் பாடியதற்காகக் கர்நாடக இசைப் பாடகரான உன்னிகிருஷ்ணன் சிறந்த பாடகருக்கான தேசிய விருதைப் பெற்றார். திரைப்பாடலில் அவர் நுழைந்த ஆண்டே அது.

அதே ஆண்டுக்கான சிறந்த பாடகி விருது ‘கருத்தம்மா’வில் பாடிய ஸ்வர்ணலதாவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ‘போறாளே பொன்னுத்தாயி’ என்ற அந்தப் பாடலில் வாத்தியங்கள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கின்றன. பாடகிக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அழுகையைக் குரலில் கொட்டிக் காட்டும் பாடகிகள் நம்மிடம் பலர் உண்டு. ஸ்வர்ணலதா அழுகை வரும் இடத்துக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிடுவார், மிச்சத்தைக் கேட்பவர் நெஞ்சு செய்துகொள்ளும். 1991இல் ‘தளபதி’யின் கொண்டாட்டப் பாடலில் எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு ஈடுகொடுத்துப் பாடிய அதே குரல், 2000இல் ‘அலைபாயுதே’யில் ஒரு பெண்ணின் ஏக்கத்தைத் தனியாக ஏந்தி நின்றது. இளையராஜாவின் இசையிலும் ரகுமானின் இசையிலும் ஒருபோல் பொருந்திய குரல் அது. எம். எஸ். விஸ்வநாதன் அறிமுகப்படுத்திய அவரை 2010இல், முப்பத்தேழே வயதில், இழந்தோம். தொண்ணூறுகளின் சிறந்த திரைக்குரல் யாருடையது என்ற கேள்விக்கு என் விடை ஸ்வர்ணலதா என்பதே. ‘திருடா திருடா’வில் வாத்தியங்களே இல்லை எனும்படி மனிதக் குரல்களை மட்டுமே துணைகொண்டு பாடிய சாகுல் ஹமீதையும் இங்கே சேர்க்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது, மண்வாசனையுள்ள அந்தக் கம்பீரக் குரலுக்கு மாற்று கிடைக்கவில்லை.

சபாக்களின் உலகம் இதற்கு வெளியே இருந்ததாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. ‘டூயட்’ படத்தில் கேட்ட சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்துடையது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு இடம் கொடாத வாத்தியம் என்று கருதப்பட்ட ஒன்றைப் பல ஆண்டு உழைப்பால் வளைத்து, அதே 1994இல் லண்டனில் பிபிசியின் ப்ராம்ஸ் விழா மேடையில் அவர் கர்நாடக இசையை வாசித்தார். கடத்தை உலக மேடைக்குக் கொண்டுசென்ற விக்கு விநாயக்ராம், சென்னையில் தம் தந்தை நிறுவிய தாளவாத்தியப் பள்ளியை நடத்தி வந்தவர். 1991இல் வெளிவந்து கிராமி விருது பெற்ற ‘பிளானட் ட்ரம்’ இசைத்தட்டில் அவருடைய கடமும் ஒலித்தது. உலக இசை என்ற பிரிவில் கிராமி வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. இவற்றுக்கு நடுவே ஒரு நெடிய காலம் முடிவுக்கு வந்தது. 1997இல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு எம். எஸ். சுப்புலட்சுமி கச்சேரி மேடை ஏறவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது; இசைக்கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

விளையாட்டுக்கு வருகிறேன். கேரம் பலகையை விளையாட்டாகவே மதிக்காதவர்கள் உண்டு. அவர்கள் சென்னையின் மன்றங்களில் ஒரு மாலை நின்று பார்த்ததில்லை என்றே கொள்வேன். பவுடர் தூவிய பலகையின் மேல் தொங்கும் ஒற்றை விளக்கு, சுற்றிலும் தோளோடு தோள் நிற்கும் கூட்டம், ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போகும் வரை யாரும் வாய் திறவாத ஒழுங்கு ஆகியவற்றிலிருந்து வந்தவர் மரிய இருதயம். 1991இலும் 1995இலும் உலக சாம்பியன் பட்டம் வென்றார். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். பட்டம் வென்று திரும்பியவரை ஊர் இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.

டென்னிஸில் சென்னையின் பங்கு வேறு விதமானது. கல்கத்தாவில் பிறந்த லியாண்டர் பயஸ், சிறுவனாக இருந்தபோதே சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தினர் நடத்திய பயிற்சிக்கழகத்தில் சேர்ந்து வளர்ந்தவர். 1993 டேவிஸ் கோப்பையில், பிரான்சின் ஃப்ரெஜுஸ் நகரில், அவர்களுக்கு வாகான செம்மண் தரையில் பிரான்சை இந்தியா 3-2 என்று வென்றது. பயஸ் தம் இரு ஒற்றையர் ஆட்டங்களையும் வெல்ல, முடிவைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் வென்றவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். வேகமான சர்வீஸ் அவரிடம் இல்லை. உடல்வலுவால் எவரையும் அச்சுறுத்தியதும் இல்லை. பந்தை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தந்தை ராமநாதன் கிருஷ்ணனிடமிருந்து வந்த கலை அது. அந்த ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றார். மூன்றாண்டு கழித்து அட்லாண்டா ஒலிம்பிக்கில் பயஸ் பிரேசிலின் மெலிகெனியிடம் முதல் செட்டை இழந்த பிறகு 3-6, 6-2, 6-4 என்று வென்று வெண்கலம் பெற்றார். 1952க்குப் பிறகு இந்தியர் ஒருவர் தனிநபர் போட்டியில் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியுடன் சேர்ந்து 1999இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் இரட்டையர் இறுதியாட்டம் வரை சென்று, பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் கைப்பற்றியதையும் சேர்த்தால் பயஸின் பத்தாண்டு நிறைவு பெறும்.

சிறந்தவர்கள் பட்டியலில் பார்வையாளர்களுக்கும் இடம் தர வேண்டும் என்று நான் வாதிடுவதற்குக் காரணம் சேப்பாக்கம். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை. முதுகுவலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியிருந்தன. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்கு வீழ்ந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அதன் பிறகு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த வாழ்த்தைப் பெற்றுக்கொண்டார்கள். இரு நாடுகளுக்கும் இடையே இருந்த பகையையும், அந்தத் தொடருக்கு எதிராக நாட்டின் வேறு இடங்களில் எழுந்த எதிர்ப்பையும் நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கைதட்டலின் மதிப்பு கூடுகிறது. நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் அடையாளம் காணும் கூட்டம் ஓரிரவில் உருவாவதில்லை. டிசம்பர் சபாக்களில் வேகமாக உருளும் ஒரு பிருகா தவறினால் முகம் சுளிக்கும், சரியாக விழுந்தால் ‘பலே’ என்று வாய்விட்டுச் சொல்லும் ஊர் அது. அதே ரசனைதான் சேப்பாக்கத்தின் படிக்கட்டுகளிலும் அமர்ந்திருந்தது.

சென்னைக்கு வெளியே சென்றால், கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரனைச் சொல்லாமல் இந்தப் பத்தாண்டைத் தமிழர் எவரும் எழுத முடியாது. 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் அவர் பந்தை எறிவதாகக் கூறித் திரும்பத் திரும்ப நோ-பால் அறிவித்தார். உலகம் முழுதும் தம் முழங்கையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் பந்து வீசிக்கொண்டே இருந்தார். 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளைச் சாய்த்தார். போரின் நடுவே இருந்த ஒரு நாட்டின் அணியில், தமிழர் ஒருவர் அந்த நிலையில் நின்றதன் சுமை எண்களில் தெரியாது.

ஆனந்தைக் கடைசியில் வைத்தது, அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது என்பதால்தான். தாயார் சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், மூத்த சதுரங்க வீரர் மேனுவல் ஆரோன் முயற்சியால் சோவியத் கலாசார மையத்தில் உருவான தால் சதுரங்கக் கழகத்தில் பயின்றவர். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டிய மின்னல் ஆட்டங்களில் அவருடைய வேகம் பழகியது. பத்தாண்டு பிறக்கும்போதே, 1991 இறுதியில் தொடங்கிய இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா போட்டியில், அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவையும் முன்னாள் சாம்பியன் கார்போவையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றார். காஸ்பரோவைக் கறுப்புக் காய்களுடன் நேரடியாகவே வென்றார்.

1995 செப்டம்பரில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் தொடங்கியது. காலையில் நாளிதழில் வரும் நகர்வுகளைப் பலகையில் வைத்துப் பார்ப்பதற்காகப் பலர் காத்திருந்த நாட்கள் அவை. நானும் அவர்களில் ஒருவன். முதல் எட்டு ஆட்டங்கள் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் வீட்டிலேயே ஆயத்தம் செய்து வைத்திருந்த ஒரு யானைத் தியாகத்தைக் காஸ்பரோவ் சில நிமிடங்களில் பலகையில் இறக்கினார். பதினோராவதில் எதிர்பாராத தற்காப்பு ஒன்றைக் கையில் எடுத்தார். அடுத்து அடுத்து வந்த தோல்விகளுடன் ஆட்டம் 10½ - 7½ என்று முடிந்தது. திறமையில் ஆனந்த் குறைந்தவர் அல்லர். காஸ்பரோவின் பின்னால் பெரிய பகுப்பாய்வுப் படையும், பல உலகப் பட்டப் போட்டிகளின் அனுபவமும் இருந்தன. ஆனந்துக்கு அது முதல் முறை.

அதைவிட எனக்கு வலித்தது 1998 ஜனவரி. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தனியாக நடத்திய உலகப் பட்டப் போட்டி அது. க்ரோனிங்கனில் மூன்று வாரம் வெளியேற்றுச் சுற்றுகளை ஆடி வென்று, சில நாட்களிலேயே லோசானில் இறுதிப் போட்டிக்கு உட்கார வேண்டியிருந்தது அவருக்கு. எதிரே இருந்த கார்போவோ முந்தைய சுற்று எதையும் ஆடாமல் நேரடியாக இறுதிக்கு அனுமதிக்கப்பட்டவர். களைத்து வந்தும் ஆறு ஆட்டங்களில் 3-3 என்று சமன் செய்த ஆனந்த், விரைவு ஆட்டங்களில் தோற்றார். அந்த அமைப்பு முறையை நான் இன்றும் நியாயமற்றது என்றே சொல்வேன். அவர் குறைகூறிக்கொண்டு அமர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு லினாரஸ், டில்பர்க் ஆகிய பெரும்போட்டிகளை வென்றார்.

2000 டிசம்பரில், புதுதில்லியில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியின் இறுதிச் சுற்று தெஹ்ரானில் நடந்தது. அலெக்ஸி ஷிரோவை 3½ - ½ என்று வீழ்த்தி ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். பத்தாண்டு முடிய ஒரு வாரம் இருந்தது. அதே ஆண்டில் சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணன் சசிகிரண் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனந்த் அந்தத் தகுதியைப் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே இந்த ஊருக்கு இன்னொருவர் கிடைத்தார். அடுத்தவர்களுக்காக ஊர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.